கிண்டலுக்குப் போட்ட பேய்ப் பட்டியல்

'கென்ஷின் இம்பாக்ட்' ஆடுறவங்களுக்கு பார்பதோஸ், மோராக்ஸ் ரெண்டு பேரையும் நல்லா தெரியும். கேம்ல அவங்க தெய்வங்கள். ஆனா அந்தப் பெயர்கள் 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அச்சான ஒரு பேய்ப் பட்டியல்ல இருக்கு.

அதை வெளியிட்டவர் யோஹான் வேயர். க்ளீவ்ஸ் டியூக்கோட அரண்மனை மருத்துவர். 1577இல் தன் புத்தகத்தோட பின்னிணைப்பா 69 பேய்களின் பட்டியலைச் சேர்த்தார். பழைய மந்திரவாதக் கையெழுத்துப் பிரதி ஒண்ணுல இருந்து எடுத்தது அது.

பட்டியலைப் படிச்சா ஏதோ அரசாங்க ஆபீஸ் மாதிரி இருக்கும். ராஜா, டியூக், மார்க்விஸ்னு பதவி. ஒவ்வொருத்தருக்கும் கீழே இத்தனை 'லேகியோன்' படைனு கணக்கு. முதல் ஆள் பேல்: கிழக்குத் திசை ராஜா, கையில 66 லேகியோன். தேரை, மனுஷன், பூனைனு மூணு தலை! பார்பதோஸுக்குப் பறவைகள் பேசுறது புரியுமாம். பூமியில பிரபுக்களோட ஆட்சி எப்படி நடந்துச்சோ, நரகத்தையும் அப்படியே கற்பனை பண்ணியிருக்காங்க.

வேயர் ஏன் இதை அச்சடிச்சார்? மந்திரவாதிகள் நம்புற அபத்தத்தை எல்லாரும் பார்க்கட்டும்னுதான். யாரும் செஞ்சு பார்த்துடக் கூடாதுனு சில பகுதிகளை வேணும்னே விட்டுட்டார்.

அவருக்குச் சாத்தான் மேல நம்பிக்கை இருந்தது. ஆனா சூனியக்காரினு பிடிச்சு எரிக்கப்படுற கிழவிகளுக்கு எந்தச் சக்தியும் இல்ல, பலர் மனநோயாளிகள், அவங்களுக்குத் தேவை வைத்தியம், நெருப்பு இல்லனு 1563லேயே எழுதினார். சித்திரவதையில வாங்குற வாக்குமூலம் செல்லாதுன்னும் வாதாடினார். 1580இல் ழான் போதான் என்ற பிரெஞ்சு சட்ட அறிஞர், சூனியக்காரிகளுக்கு வக்காலத்து வாங்குறதா வேயரையே கடுமையா தாக்கினார்.

1584இல் ரெஜினால்ட் ஸ்காட் அந்தப் பட்டியலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அவரும் சூனிய வேட்டையை எதிர்த்தவர்தான். ஆனா 17ஆம் நூற்றாண்டுல அதே பட்டியல் 72 பேய்களா வளர்ந்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு முத்திரையோட, பேயை வரவழைக்கிற கையேடா மாறிடுச்சு. அங்கிருந்துதான் இன்னைக்குக் கேம், அனிமே வரைக்கும் வந்திருக்கு.

கிண்டல் உதிர்ந்துபோச்சு, பட்டியல் மட்டும் தங்கிடுச்சு. அடுத்த முறை பார்பதோஸ் திரையில வந்தா, அந்தக் கிழவிகளுக்காகப் பேசின டாக்டரையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!