செவி எனும் அமானிதம்

 

குழந்தை பிறந்தவுடன் அதன் காதில் பாங்கொலியைச் சேர்ப்பிக்கின்றோம். அது அக்குழந்தைக்குக் கேட்டதா என்று நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கின்றோம்? உலகில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஒன்று முதல் மூன்று வரை செவிப்புலன் குன்றிப் பிறப்பதாக மருத்துவர்கள் கூறுகின்றனர். அல்குர்ஆன் பல இடங்களில் பார்வைக்கு முன்னர் செவியையே குறிப்பிடுவதை நீங்கள் அறிவீர்கள். கருவறையில் ஆறு மாதமளவிலேயே சிசு ஒலிகளைக் கேட்கத் தொடங்கிவிடுகின்றது.

மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையை ஓதிப் பார்க்குமாறு எம்மிடம் கொண்டு வருவோர் புத்தளத்திலும் உண்டு, கற்பிட்டியிலும் உண்டு. ஓதுகின்றோம், துஆச் செய்கின்றோம். அதனோடு ஒரு கேள்வியும் கேட்கின்றோம்: முதுகுப்புறமாக நின்று அழைத்தால் பிள்ளை திரும்புகின்றதா? பெரும்பாலும் உம்மா மௌனமாகிவிடுவார். வீட்டிலுள்ள பெரியவர்களோ, "இவனுடைய வாப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார்" என்று ஆறுதல் கூறுவார்கள். அன்பினால் கூறப்படும் இந்த ஆறுதல்தான் பிள்ளையின் பெறுமதி மிக்க ஆண்டுகளை விழுங்கிவிடுகின்றது.

ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, காதின் உள்ளமைப்பைச் சற்று நோக்க வேண்டும். உட்காதில் நத்தையின் ஓட்டைப் போன்று ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலி அதிர்வை மின்சைகையாக மாற்றி நரம்பிடம் ஒப்படைப்பது அவற்றின் பணி. மனிதனில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. சில கலங்களாவது எஞ்சியிருந்தால், ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரண செவிப்புலன் கருவி உதவும். பெரும்பாலானவை அழிந்திருந்தால், எவ்வளவு பெருக்கினாலும் அதனை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அவ்வாறானவர்களுக்கே, கலங்களைக் கடந்து நேரே நரம்பைத் தூண்டும் கொக்ளியர் உள்வைப்பு.

இக்கருவியின் வரலாறு கடற்கரை மக்களாகிய நமக்கு இலகுவில் விளங்கும். அதன் ஒரு முடிச்சு அவிழ்ந்ததே கடற்கரையில்தான். அவுஸ்திரேலியாவின் பேராசிரியர் கிரேம் கிளார்க், செவிப்புலன் குன்றிய தந்தைக்குப் பிறந்தவர். மெல்லிய மின்கம்பிகளைச் சுருண்ட உட்காதினுள் காயமின்றி நுழைப்பது எவ்வாறு என்பது அவரை வாட்டிய பிரச்சினை. 1977ஆம் ஆண்டு மின்னமுர்ரா என்னும் கடற்கரையில் விடுமுறையைக் கழித்தபோது, அங்கு கிடந்த ஒரு சிப்பி ஓட்டினுள் புல் இதழ்களை நுழைத்துப் பார்த்தார். நுனி இளக்கமாகவும் அடி விறைப்பாகவும் உள்ள புல் சுருளுக்குள் வளைந்து வளைந்து சென்றது. விடை கிடைத்துவிட்டது! 1978 ஓகஸ்ட் 1ஆம் திகதி, விபத்தொன்றில் செவிப்புலனை இழந்த ரொட் சோண்டர்ஸ் என்பவருக்கு மெல்பர்னில் அக்கருவி பொருத்தப்பட்டது. நமது கரையில் சங்கும் சிப்பியும் பொறுக்கும் சிறுவர்களுக்கு ஆசிரியர்கள் இதனைச் சொல்லிக் கொடுத்தால் என்ன?

கிளார்க் மட்டுமே இத்துறையில் உழைத்தவர் அல்லர். பிரான்ஸில் 1957இலும் அமெரிக்காவில் 1961இலும் ஆரம்ப முயற்சிகள் நடந்தன. ஒஸ்திரியாவின் இங்கெபோர்க் ஹொக்மயர், அமெரிக்காவின் பிளேக் வில்சன் ஆகியோர் கிளார்க்குடன் சேர்ந்து 2013இல் லாஸ்கர் விருதைப் பெற்றனர்.

இனி, காலத்தின் விடயத்துக்கு வருவோம். மொழியைக் கற்கும் மூளையின் வாசல் முதல் சில ஆண்டுகளிலேயே அகலத் திறந்திருக்கின்றது. பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு இரண்டு வயதுக்கு முன்னர் கருவி பொருத்தப்பட்டால் பேச்சு நன்கு அமையும் வாய்ப்பு மிக அதிகம். ஏழு, எட்டு வயதில் பொருத்தினால் ஒலி கேட்கும், ஆனால் அவ்வொலி சொல்லாக மாறுவது மிகக் கடினம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020இல் இதற்கான வயதெல்லையை ஒன்பது மாதமாகக் குறைத்தது. கேரள அரசு 2012இல் 'ஸ்ருதிதரங்கம்' என்னும் திட்டத்தை ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கென ஆரம்பித்தமைக்கும் இதுவே காரணம்.

நமது நாட்டிலும் இச்சத்திரசிகிச்சை செய்யப்படுகின்றது. கருவியின் விலையோ பல இலட்சம். ஏழைப் பிள்ளையொன்றுக்காக ஊர் ஜமாஅத்தும் ஸகாத் நிதியமும் முன்வருவதை நாம் கண்டிருக்கின்றோம், அல்ஹம்துலில்லாஹ். எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சத்திரசிகிச்சை ஆரம்பம் மட்டுமே. சில வாரங்கள் கழித்தே கருவி இயக்கப்படும். அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கைப்பிள்ளையுடன் உம்மா எத்தனை முறை பஸ் ஏறுவார்? ஒரு நாள் கூலியை விட்டு வாப்பா எத்தனை முறை துணை போவார்? கருவிக்குப் பணம் சேர்ப்பது இலகு, பஸ் கட்டணத்துக்கும் மின்கலத்துக்கும் ஐந்து வருடம் பணம் சேர்ப்பதே கடினம். இதனையும் கணக்கிட்டு உதவும் நிதியமே உண்மையில் உதவிய நிதியமாகும். நமது உப்புக் காற்றிலும் வியர்வையிலும் வெளிக்கருவி பழுதடையக்கூடும். ஆதலால் இரவில் ஈரமுறிஞ்சி இட்ட பெட்டியில் அதனை வைத்தல் வேண்டும். மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் ஊசிகளையும் தவறவிடலாகாது.

கருவி எல்லோருக்கும் பொருந்துவதில்லை. அவ்வாறான பிள்ளைக்குச் சைகை மொழியைக் கற்பிப்பது தோல்வியன்று. பேச இயலாதவரின் தெளிவான சைகையைத் திருமணத்திலும் கொடுக்கல் வாங்கலிலும் வாய்ச்சொல்லுக்கு நிகராக நமது ஃபிக்ஹு அறிஞர்கள் ஏற்றிருக்கின்றனர். இரத்மலானையில் செவிப்புலனற்றோர் பாடசாலை 1912இலேயே தொடங்கப்பட்டது. பிள்ளையை வீட்டினுள் மறைத்து வைப்பதற்கு நமக்கு எந்த நியாயமும் இல்லை.

பெரியவர்களைப் பற்றியும் ஒரு சொல். படகு இயந்திரத்தின் அருகில் முப்பது வருடம் இருந்தவருக்குக் காது மங்குவது வியப்பன்று. பிள்ளைகள் கருவி வாங்கிக் கொடுத்தாலும் அது அலுமாரியில் உறங்குகின்றது. "எல்லாச் சத்தமும் இரைச்சலாகக் கேட்கின்றது" என்பார்கள். மறந்துபோன ஒலிகளை மூளை மீண்டும் பழகச் சில வாரங்கள் எடுக்கும். தினமும் சிறிது நேரமாவது அணிய வேண்டும். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. மொத்தமாகப் பார்க்கையில் நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் மறதி நோய்க்கான ஆபத்து அதிகமிருந்தவர்களிடம், கருவியும் ஆலோசனையும் பெற்றோரின் மூளைத் தளர்ச்சி மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது.

வுழூ, குளிப்பு பற்றி அடிக்கடி வினவப்படுகின்றது. காதில் அணியும் கருவியையும், கொக்ளியரின் வெளிப்பகுதியையும் கழற்றிவிட வேண்டும். உள்ளே பொருத்தப்பட்டது தோலுக்கு அடியில் இருப்பதால், தோலின் மேல் நீர் பட்டாலே போதுமானது. ஜும்ஆவின்போது குத்பாவைக் கேட்பதற்காகக் கருவியை அணிந்திருப்பதில் எந்தத் தடையும் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகிகளே! கருவி அணிந்தோருக்கு ஒலியை நேராகச் சேர்ப்பிக்கும் காந்த வளையம் என்னும் கம்பியமைப்பு ஒன்று உண்டு. அடுத்த முறை ஒலிபெருக்கியைத் திருத்துபவரை அழைக்கும்போது அதைப் பற்றியும் விசாரியுங்கள்.

கைக்குழந்தை உள்ள பெற்றோர், அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையின் காதைப் பரிசோதிக்குமாறு குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று யாரேனும் சொன்னாலும், காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணருக்கு ஒரு கடிதம் தருமாறு மீண்டும் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.