அமெரிக்கா உத்தியோகமும் ஆண்டவன் தயவும்



ஜாதியைப் பற்றிப் பேச வேண்டுமென்று நம்மை அழைத்திருக்கின்றீர்கள். ஆனால் நாம் போகிற ஊர்களிலெல்லாம் இப்போது ஜனங்கள் கேட்பது ஒரே சங்கதியாய் இருக்கின்றது. "பையனுக்கு அமெரிக்கா விசா கிடைக்குமா?" என்பதே அது. ஆகவே இன்று அதையே பேசலாமென்று நினைக்கின்றோம். ஜாதி தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். அது எங்கேதான் வராமலிருக்கின்றது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகின்றோம். பிள்ளைகள் வெளிதேசம் போவதை நாம் வேண்டாமென்று சொல்ல வரவில்லை. தாராளமாய்ப் போகட்டும். கடல் தாண்டினவனுக்கு ஜாதி போய்விடும் என்று தர்ம சாஸ்திரத்தில் எழுதி வைத்து, திரும்பி வந்தவனைப் பிராயச்சித்தம் செய்துகொள்ளச் சொன்ன கூட்டத்தாரே இன்று கியூவில் முன்னால் நிற்கின்றார்கள். சாஸ்திரத்தில் ஒரு எழுத்தாவது மாறிற்றா? இல்லை. சம்பளம் மாறிற்று, அவ்வளவுதான்.

இந்த எச்-1பி விசா என்பது 1990-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டத்தால் ஏற்பட்டது. இதற்கு மனுப் போடுகிறவன் வேலைக்குப் போகிறவனல்ல, வேலை கொடுக்கும் கம்பெனி. வருஷத்துக்கு 65,000 பேர். அந்நாட்டிலேயே மேல்படிப்பு முடித்தவர்களுக்கு வேறாக 20,000. முதலில் 3 வருஷம், பிறகு இன்னொரு 3 வருஷம். கேட்கிறவர்கள் அதிகமாகவும் இடம் குறைவாகவும் இருப்பதால் கம்ப்யூட்டரில் சீட்டுக் குலுக்கி எடுக்கின்றார்கள்.

சீட்டுக் குலுக்கல் என்ற உடனே நம் ஆட்களுக்குச் சாமி ஞாபகம் வந்துவிட்டது. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரில் உள்ள பாலாஜிக்கு 'விசா பாலாஜி' என்றே பெயர். விசா வேண்டுமென்றால் 11 சுற்றுச் சுற்ற வேண்டும்; கிடைத்துவிட்டால் 108 சுற்று. அந்தக் கோவிலில் உண்டியல் இல்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உண்டியல் இல்லாவிட்டாலும் புத்தியை அல்லவா அங்கே போட்டுவிட்டு வருகின்றார்கள்!

தோழர்களே! கணக்கைக் கேளுங்கள். 2025 மார்ச்சுக் குலுக்கலுக்குத் தகுதியான பதிவுகள் 3,43,981. அந்த வருஷத்துக்குத் தேர்வானவை 1,20,141. அதாவது ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்கு. சில்கூரில் சுற்றின மூவரில் ஒருவனுக்குக் கிடைத்தால், சுற்றாத சீனாக்காரர் மூவரிலும் ஒருவனுக்குக் கிடைக்கின்றது. பின் சுற்றினதால் என்ன லாபம்? கிடைத்தவன் 108 சுற்ற மறுபடியும் கோவிலுக்கு வருகின்றான். கிடைக்காதவன் வீட்டிலேயே இருந்துவிடுகின்றான். கோவிலில் நின்று பார்க்கிறவன் கண்ணுக்குக் கிடைத்தவனாகவே தெரிகின்றது. சாமியின் மகிமை இவ்வளவில் இருக்கின்றது.

இன்னொரு வேடிக்கை. 2023-ல் தகுதியான பதிவுகள் 7,58,994. அவற்றில் 4,08,891 பதிவுகள், ஒரே ஆசாமியின் பேரில் ஒன்றுக்கு மேல் போடப்பட்டவை. ஒருவனுக்குப் பல கம்பெனிகள் சீட்டுப் போட்டால் அவனுக்கு அதிர்ஷ்டம் கூடத்தானே செய்யும்? சர்க்கார் விழித்துக்கொண்டு, எத்தனை கம்பெனி போட்டாலும் ஒரு ஆளுக்கு ஒரே சீட்டு என்று 2024-ல் விதி செய்தவுடன் பதிவுகள் 4,70,342-க்கு இறங்கிவிட்டன. அடுத்த வருஷம் பதிவுக் கட்டணத்தை 10 டாலரிலிருந்து 215 டாலராக்கினார்கள், இன்னும் இறங்கிற்று. 2025 டிசம்பரில் அதையும் மாற்றி, சம்பளப் படி நான்கில் உச்சப் படிக்காரனுக்கு நான்கு சீட்டு, அடிப்படிக்காரனுக்கு ஒரு சீட்டு என்று விதி போட்டார்கள். இனிமேல் பாலாஜியும் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் அருள் செய்ய வேண்டும் போலும்!

சாமி இப்படி இருக்க, ஏஜெண்டு என்ற ஆசாமியைப் பார்ப்போம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் நம் பாட்டன்மாரைக் கங்காணி அழைத்துக்கொண்டு போனான். முன்பணம் கொடுத்தான். இலங்கையில் அந்தக் கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதி, அது தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி செய்துவிட்டார்கள். எஞ்சினீயர் பிள்ளையைக் கூலிக்காரனோடு சேர்த்துப் பேசலாமா என்று சிலருக்குக் கோபம் வரலாம். இரண்டும் சமம் என்று நாம் சொல்லவில்லை. இவனுக்கு மோட்டார் கார் இருக்கின்றது. வேறு கம்பெனி மனுப் போட்டால் மாறவும் செய்யலாம். ஆனாலும் இவன் அந்நாட்டில் நிற்பது எஜமானன் போட்ட மனுவில்தான். வேலை போனால் அதிகமாய்ப் போனால் 60 நாள். அதற்குள் வேறு எஜமானனைப் பிடிக்க வேண்டும், இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். 60 நாள் கெடு தலைக்கு மேல் தொங்குகிறவன் அதிக நேர வேலைக்கு முடியாதென்பானா? சம்பளம் போதாதென்பானா?

எஜமானனுக்கு இதனால் உள்ள சௌகரியத்தை அமெரிக்கத் தொழிலாளியும் அறிவான். 2015-ம் வருஷத்தை ஒட்டி பிளாரிடாவில் டிஸ்னி கம்பெனியில் சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே வேலை கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும்படி அவர்களில் சிலருக்கு நேர்ந்தது. 2005 முதல் நடந்து வந்த ஏற்பாட்டில், ஒரு ஊரில் ஒரு தொழில் செய்கிற 100 பேரைச் சம்பளப்படி கீழிருந்து நிறுத்தினால் 17-வது ஆளின் சம்பளமே முதல் படி. 34-வது ஆளினது இரண்டாம் படி. நடு ஆளின் சம்பளத்துக்குக் குறைவாகவே ஆள் எடுக்கச் சட்டமே வழிவிட்டால் முதலாளி விடுவானா? வயிறெரிந்த அமெரிக்கனோ சட்டத்தை விட்டுவிட்டு, நம் பையனைப் பார்த்துக் கறுப்பன் என்கின்றான்.

நிற்க, பெண்கள் விஷயம். அமெரிக்கா மாப்பிள்ளை என்றால் வரதட்சணை விலை ஏறுகின்றது. நிலத்தை விற்று, எஞ்சினீயர் படித்த பெண்ணைக் கட்டிக்கொடுக்கின்றோம். அவள் அங்கே புருஷனைச் சார்ந்தவள் என்ற விசாவில் போகின்றாள். 2015 மே வரையில் அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யவே கூடாது. அதன் பிறகும், புருஷனுடைய நிரந்தரக் குடியிருப்பு மனு ஓரளவு முன்னேறியிருந்தால்தான் அனுமதி. புருஷன் கொடுமைக்காரனாய் இருந்தால் அவள் கையில் சொந்த விசாவும் இல்லை, சொந்தச் சம்பளமும் இல்லை. கல்யாணத்துக்கு முன் ஜாதகம் பார்த்த பெற்றோர்களில் எத்தனை பேர் இந்த விதியைப் படித்துப் பார்த்தார்கள்?

அந்த நிரந்தரக் குடியிருப்பிலும், உத்தியோகத்தின் பேரில் வருஷத்துக்கு 1,40,000 என்று வைத்து, எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் 100-க்கு 7-க்கு மேல் இல்லையென்று பொதுவிதி செய்திருக்கின்றார்கள். கூட்டம் அதிகமான இந்தியாக்காரர் வருஷக் கணக்காய்க் காத்திருக்க வேண்டியதுதான். பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால் அது வரிசையிலிருந்தே விழுந்துவிடக்கூடும். திறமையைப் பாராமல் பிறந்த இடத்தைப் பார்ப்பது அநியாயமென்று நம்மவர்கள் கூவுகின்றார்கள். கூவட்டும், நியாயமே. ஆனால் அப்படிக் கூவுகிறவரில் சிலர், பிறவியைப் பார்த்து மனிதனைப் பிரிப்பதை மூட்டையில் கட்டி அங்கேயும் கொண்டுபோயிருக்கின்றார்களே!

2020 ஜூனில் கலிபோர்னியா சர்க்கார் இலாகாவே சிஸ்கோ கம்பெனியின் மேல் வழக்குப் போட்டது. தலித் எஞ்சினீயர் ஒருவரை மேல்ஜாதி மேலதிகாரிகள் ஜாதி பார்த்து ஒதுக்கினார்கள் என்பது புகார். 2023-ல் அந்த இரண்டு அதிகாரிகளின் மேல் இருந்த வழக்கை வாபஸ் வாங்கி, கம்பெனியின் மேல் மட்டும் நடத்தினார்கள். புகார் ருசுவாயிற்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை ஜாதி வித்தியாசத்தைச் சட்டத்தால் தடுத்ததே, எதற்காக? கலிபோர்னியா சட்டசபையும் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றிற்று. கவர்னர் நியூசம் அக்டோபரில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அம்மசோதாவை எதிர்த்தவர்களில் அங்குள்ள ஹிந்து சங்கத்தாரும் இருந்தார்கள்.

போகிற பிள்ளைகளுக்குச் சில சங்கதிகள் மாத்திரம் சொல்லுங்கள். விசா மனுவுக்கு ஆகும் வக்கீல் செலவும் கட்டணமும் கம்பெனியைச் சேர்ந்தவை. பையன் தலையில் கட்டக் கூடாது. வேலை காட்ட முடியாமல் 'பெஞ்சில்' உட்கார வைத்தாலும் கம்பெனி சம்பளம் கொடுத்தாக வேண்டும். சம்பளத்தைக் குறித்துத் தொழில் இலாகாவுக்குக் கொடுத்த பத்திரத்தின் நகலை, வேலைக்குச் சேருகிற நாளைக்குள் அவன் கையில் கொடுக்க வேண்டும். மோசம் நடந்தால் 12 மாதத்துக்குள் அந்த இலாகாவுக்கு எழுதலாம். ஏஜெண்டு பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது கொடுக்க மாட்டேனென்றால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நாழிகையாகிவிட்டது. சந்தேகமுள்ளவர்கள் எழுதிக் கொடுத்தால், தெரிந்த மட்டில் பதில் சொல்லுகின்றோம்.