பொறுமை எனும் அறமும் பிள்ளைகளின் காவலும்

(தசலட்சணப் பெருவிழாவின் முதல் நாளில் ஆற்றிய உரை)

 

பத்து அறங்களுள் முதலாவதாகிய உத்தமப் பொறைக்கு உரிய நாள் இது. இளையோர் பாதுகாப்பைப் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்தபோது, நாளுக்குப் பொருந்தாத தலைப்போ என்று தயங்கினேன். எண்ணிப் பார்த்தபின், இந்நாளில்தான் பேச வேண்டும் என்று தெளிந்தேன். ஏனெனில், பொறுமையைப் பிழையாகக் கற்பித்த ஆசிரியை நான்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளி விட்ட பின்னும் வகுப்பறையிலேயே நின்றாள். தனிப்பயிற்சிக்குப் போக விருப்பமில்லை என்றாள். காரணம் கேட்டேன், தலை குனிந்தாள். படிப்பில் சோம்பல் என்று கருதி, “பொறுத்துக்கொண்டு போய்ப் படி அம்மா” என்று அனுப்பிவிட்டேன். அவள் சொல்ல வந்தது படிப்பைப் பற்றியதன்று என்பது ஓராண்டு கழித்தே எனக்குத் தெரிந்தது. அவள் மீண்டும் என்னிடம் வரவில்லை.

நம் ஆகமங்கள் இம்சையை நான்காக வகுக்கின்றன. இல்லறத்தார் முற்றும் விட வேண்டியது, வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சை. தன்னையும் தன்னை அடைந்தோரையும் காக்க எதிர்த்து நிற்பது விரோதி இம்சை; அஃது இல்லறத்தார்க்கு விலக்கப்படவில்லை. அவ்வாறாயின், தீண்டும் கையைத் தட்டிவிட்டுக் கூவும் குழந்தை எந்த விரதத்தை மீறியது? பொறுத்தல் என்பது துன்புற்றவர் தாமே விரும்பி அளிப்பது. குழந்தையின் சார்பில் நாம் மன்னித்துவிட்டு வருவதற்குப் பொறை என்று பெயரில்லை.

நம் சமூகம் சிறியது. எல்லாரும் எல்லார்க்கும் ஏதோ ஒரு முறையில் உறவு. அதனாலேயே “மாமாவைப் பற்றி இப்படிச் சொல்லலாமா?” என்ற கேள்வி முதலில் எழுகிறது. யாத்திரைகளில் ஒரே கூடத்தில் படுத்துறங்குகிறோம். விடுமுறைக்குப் பிள்ளைகளை உறவினர் வீட்டில் விடுகிறோம். இவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளை ஒருவர் மடியில் அமர மறுத்தால், மரியாதை தெரியாதவன் என்று கடிந்து கட்டாயப்படுத்தாதீர்கள் என்கிறேன். ஆண்பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது. அவர்கள் சொல்வது இன்னும் அரிது.

பிள்ளை வாய் திறந்தால், இடைமறிக்காமல் கேளுங்கள். “முன்பே ஏன் சொல்லவில்லை?” என்று மட்டும் கேட்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலரையும் காக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பதற்குத் தண்டனை உண்டு. உறவினர் கூடிப் பேசி முடித்துக்கொள்ளும் வழக்கத்திற்கு அங்கு இடமில்லை. பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வேன்: குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்யலாம். பதிவு செய்யும் காவலர் சீருடையில் இருத்தல் கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது.

இளையோரே, இனி உங்களுக்கு. 1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண். பத்து, ஒன்பது, எட்டு என்று நினைவில் கொள்ளுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பெரியவர்களும் அழைக்கலாம். உடனடி ஆபத்துக்கு 112, பெண்களுக்கு 181, பள்ளி மாணவர்க்கு நம் மாநிலத்தில் 14417. கைப்பேசியில் பழகிய ஒருவர் உங்கள் படத்தை வைத்து மிரட்டினால், பணம் அனுப்பாதீர்கள். அஞ்சி உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுவே சான்று. அதை நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். மைய அரசின் இணையவழிக் குற்ற முறையீட்டுத் தளத்தில் புகார் பதியலாம். பணம் பறிபோயிருந்தால் 1930ஐத் தாமதமின்றி அழையுங்கள். படத்தை அனுப்பியது உங்கள் தவறென்று வீட்டில் திட்டுவார்களே என்ற அச்சத்தைத்தான் மிரட்டுபவர் நம்பியிருக்கிறார். ஒருவரிடம் சொல்லி அவர் செவிகொடுக்கவில்லை எனில், இன்னொருவரிடம் சொல்லுங்கள். அன்று என் மாணவிக்கு இதைச் சொல்ல எவரும் இல்லை.

இந்த எண்களை அச்சிட்டுக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் விடுதிக் கதவிலும் ஒட்டுமாறு அறக்கட்டளையினரை வேண்டுகிறேன். உரை முடிந்ததும் நான் இம்மண்டபத்தின் கிழக்குத் தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பேன். பேச விரும்பும் பிள்ளைகள் வரலாம்.