ஏடு பெயர்த்தெழுதும் கடமை

(ஓட்டமாவடியில் நடைபெற்ற மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். ஓலை செல்லரித்து உதிரும் என்பதை அவர்கள் நன்கறிவர். ஆதலின், பழைய ஏடு சிதையுமுன்னரே புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினர். அங்ஙனம் வழிவழி காத்தமையாலன்றோ, மட்டக்களப்பு மான்மியம் 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா அவர்களாற் பதிப்பிக்கப்பெற்று நம் கைக்கெட்டியது!

இற்றைநாளில் நாம் கணினியை நம்பியிருக்கின்றோம். கோயில் வரலாறும் கூத்துப் பாட்டும் கணினியில் ஏறிவிட்டால் என்றும் அழியா என்பது பலரது எண்ணம். உண்மை அதுவன்று. பிளொப்பியிற் பதிந்ததைப் படிக்கும் பொறி இன்று கிடைத்தற்கரிது. ஒலிநாடாவும் இறுவட்டும் அதே வழியிற் செல்கின்றன. ஓலை சில நூற்றாண்டுகள் காத்தது. பிளொப்பியோ ஒரு தலைமுறைகூடக் காக்கவில்லை.

பொறி கிடைப்பினும் எழுத்துக் குழம்பும். ஈழத்தில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்தோம். அஃது ஆங்கில எழுத்துகளுக்குரிய இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்னும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எனத் தோன்றும். பெற்ற தாயின் பெயரையே மறைக்கும் ஏட்டினால் யாது பயன்? யூனிக்கோட் முறையிலோ தமிழுக்கெனத் தனியிடம் உண்டு. எழுத்துரு மாறினும் சொல் மாறாது.

ஆதலின் இளைஞர்களே, நாம் செய்யவேண்டுவன மூன்று. பாமினியில் உள்ளவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்றுதல் வேண்டும். ஒலிநாடாவிலும் இறுவட்டிலும் உள்ளவற்றைச் சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய கருவிக்குப் பெயர்த்தல் வேண்டும். ஒரே படியை ஒரே வீட்டில் வைத்தல் ஆகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் கண்ட வாவிக்கரை மக்களுக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. 2005இல் தோன்றிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் திரட்டி, எவரும் படிக்கத் தருகின்றது. நம் மலர்களின் ஒரு படி அங்கும் சேர்தல் நன்று. மூல ஏட்டையும் எறிந்துவிடலாகாது.

இம்முயற்சி ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. முஸ்லிம் அன்பர்கள் பேணிய அரபுத்தமிழ் ஏடுகளும் இவ்வாவிக்கரையின் செல்வமே. இருவேமும் கைகோத்துக் காப்போமாக.

அன்று எழுத்தாணி பிடித்த கைகள் சலிக்கவில்லை. விசைப்பலகை பிடித்த நம் கைகளும் சலியாதிருக்க இறைவன் திருவருள் துணைநிற்க.