இரண்டு கேபிள், ஒரு சர்வர்

1994-இல் அமெரிக்காவின் நாசா கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரணக் கணினிகளைப் பிணைத்து 'பியோவுல்ஃப்' என்ற கூட்டுக் கணினியை உருவாக்கினார்கள். அவற்றின் புராசஸர்கள் வேகமானவை. இணைத்த ஈதர்நெட்டோ நொடிக்கு வெறும் 10 மெகாபிட். தரவு வந்து சேரும்வரை கணினிகள் காத்துக் கிடந்தன. தரவைப் பல ஈதர்நெட் இணைப்புகளில் பிரித்து அனுப்பும் நிரலை பெக்கர் எழுதினார். லினக்ஸின் 'பாண்டிங்' வசதி அதிலிருந்து வளர்ந்ததுதான். விண்டோஸ் சர்வரில் இதற்குப் பெயர் 'டீமிங்'. 2012 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. அதற்கு முன்பு, நெட்வொர்க் கார்டு செய்யும் நிறுவனங்கள் தரும் மென்பொருளைத்தான் நம்பியிருக்க வேண்டியிருந்தது.

இரண்டு 1 கிகாபிட் கார்டுகளைச் சேர்த்தால், பெரிய ஃபைல் ஒன்றை 2 கிகாபிட் வேகத்தில் நகலெடுக்கலாம் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலான அமைப்புகளில் அது நடக்காது. முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டு, ஓர் உரையாடல் முழுவதையும் ஒரே கேபிளில்தான் சர்வர் அனுப்பும். இல்லையென்றால் தரவுப் பொட்டலங்கள் வரிசை மாறிப் போய்ச் சேரும். நூறு பேர் ஒரே நேரத்தில் சர்வரைப் பயன்படுத்தும்போதுதான் இரண்டு கேபிளுக்கும் வேலை வரும்.

டீமிங்கின் உண்மையான பலன் வேறு. ஒரு கேபிள் போனாலும் சர்வர் நிற்காது.

ஆனால் இரண்டு கேபிளையும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் செருகிவிட்டால், அந்த ஸ்விட்ச் படுக்கும்போது இரண்டும் சேர்ந்தே போய்விடும். வேறு வேறு ஸ்விட்சில், முடிந்தால் வேறு வேறு மின் இணைப்பில் செருக வேண்டும். போர்ட்டில் விளக்கு எரிகிறது என்பதற்காகப் பாதை உயிரோடு இருக்கிறது என்றும் நம்பிவிட முடியாது. இரு முனைகளும் ஒன்றையொன்று சரிபார்க்க உதவும் எல்.ஏ.சி.பி. நெறிமுறை, மெதுவான முறையில் 30 நொடிக்கு ஒருமுறைதான் நலம் விசாரிக்கும். மறுமுனை இறந்துவிட்டதை முடிவு செய்ய 90 நொடி ஆகும். வேகமான முறையில் அது 3 நொடி.

இந்தச் சேர்ந்த பாதைக்குள்ளேயே நெட்வொர்க்கைப் பிரித்து வைப்பது வீலேன். 1998-இல் வந்த 802.1கியூ தரநிலைப்படி, ஒவ்வொரு தரவுச் சட்டகத்திலும் 4 பைட் அடையாளம் செருகப்படுகிறது. அதில் வீலேன் எண்ணுக்கு 12 பிட்; பயன்படுத்தக் கூடியவை 4094. ஒரு மருத்துவமனையின் நோயாளி விவரங்கள் வீலேன் 20-இலும், கேமராப் பதிவு 30-இலும் ஒரே கேபிளில் போகலாம். ஒன்றை மற்றொன்று பார்க்காது.

டீமிங்கும் வீலேனும் சேரும் இடத்தில்தான் கவனம் தேவை. முதல் ஸ்விட்சில், பல வீலேன்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் வீலேன் 20-ஐ அனுமதித்துவிட்டு, இரண்டாவதில் மறந்துபோவது அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு கேபிள் மட்டும் வேலை செய்து இன்னொன்று காத்திருக்கும் அமைப்பில் இது மாதக்கணக்கில் வெளியே தெரியாது. முதல் ஸ்விட்ச் விழும் இரவில் கேமரா ஓடும், நோயாளி விவரம் வராது. அதனால் அனுபவமுள்ள நிர்வாகிகள் சர்வரைப் பயன்பாட்டுக்கு விடும் முன்பே, ஒவ்வொரு வீலேனுக்கும் 'பிங்' ஓடவிட்டு, முதல் கேபிளைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். அதைச் செருகிவிட்டு இரண்டாவதையும் பிடுங்கிப் பார்க்கிறார்கள்.