டிரெய்லர் வாங்கும்போது விலை பேசுவது எப்படி?

(பென்னலூர் உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



களைக்கொல்லி பற்றிப் பேசத்தான் என்னை வழக்கமாக அழைப்பார்கள். இன்று டிராக்டர் டிரெய்லரைப் பற்றிப் பேசப் போகிறேன். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபின் மூட்டை சுமக்கவும் எரு அடிக்கவும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. டிரெய்லர் தேவைதான். ஆனால் விலை பேசத் தெரியாமல் வாங்கினால் ஒரு போகத்து லாபம் பட்டறையிலேயே நின்றுவிடும்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் நாம் விலை சொல்வதில்லை. டிரெய்லருக்குப் பல், அதன் எடை. இரும்பு கிலோ கணக்கில் விற்கும் பொருள். 1 மி.மீ. கனமுள்ள தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ இருக்கும். 10 அடி நீளம், 6 அடி அகலமுள்ள தளத்துக்கு 3 மி.மீ. தகடு போட்டால் சுமார் 131 கிலோ, 4 மி.மீ. போட்டால் 175 கிலோ. பெயின்ட் அடித்த பிறகு இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆகவே தகட்டின் கனத்தை எழுதி வாங்குங்கள். "எடை மேடையில் ஏற்றிப் பார்த்துத்தான் எடுப்பேன்" என்று முன்பணம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் தகடு மெலியாது. இரண்டு பட்டறைகளில் ஒரே அளவைச் சொல்லி விலை கேளுங்கள். டயர், பெயின்ட், வரி, பதிவு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்பதுதான் கேள்வி.

உழவுக்கான, தானே ஏற்றும் அல்லது இறக்கும் வகை டிரெய்லருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் இதை நினைவூட்டுங்கள். "ரசீது வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள், மயங்காதீர்கள். டிரெய்லரையும் தனியாகப் பதிவு செய்தாக வேண்டும். ரசீதும் விற்பனைச் சான்றும் இல்லாமல் அது நடக்காது.

"மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் மொத்த விலைக்கே வாருங்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு 12 சதவீத வட்டி, மூன்று ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கில் வட்டி சுமார் 19,600 ரூபாய். முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி போடும் 'ஃபிளாட்' கணக்கில் 36,000 ரூபாய். விலையில் ஐயாயிரம் குறைத்துவிட்டு இதில் பதினாறாயிரம் விட்டவர்களும் உண்டு.

அறுவடை தலைக்குமேல் வந்தபின் போகாதீர்கள். பட்டறையில் வேலை மந்தமாக இருக்கும் ஐப்பசி மழையில் போங்கள். உங்கள் விலையைச் சொன்னபின் சற்றுப் பேசாமல் இருங்கள். நம்மவர்களுக்கு இதுதான் கடினம். எதிராளி வாய் திறக்குமுன் நாமே இன்னும் ஆயிரம் ஏற்றிவிடுகிறோம்.

பழைய வண்டிக்கு வருகிறேன். என் சித்தப்பா ஒரு பழைய டிரெய்லரைப் பேசிப் பேசி எட்டாயிரம் குறைத்து வாங்கினார். நானும் கூடப் போயிருந்தேன்; டயரைத் தட்டிப் பார்த்ததோடு சரி. மூன்றாம் மாதம் கடன் கொடுத்தவர்கள் வந்து களத்திலிருந்தே இழுத்துப் போனார்கள். விற்றவர் கடனைக் கட்டியிருக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் அடமானப் பதிவு தெளிவாகவே இருந்தது. நாங்கள்தான் புரட்டவில்லை. அன்று சித்தி என்னைப் பார்த்து, "படித்த பிள்ளை கூடப் போச்சே" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே வண்டி எண்ணைக் கொடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். கடன் இருந்தால், அதை அடைத்ததற்கான படிவம் 35 கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரிடம் அன்றே கையெழுத்து வாங்குங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. சேஸிஸில் வெட்டியுள்ள எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். சேறும் கிரீசும் மூடியிருக்கும். ஒரு கந்தல் துணியும் கொஞ்சம் டீசலும் கையோடு எடுத்துப் போங்கள்.