கரைக்கு வந்த அலைக்குச் சொந்த ஊர் எது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



கடலை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கேட்டார்கள். கடலைப் பற்றி உங்களுக்கு நான் என்ன புதுசாகச் சொல்லிவிட முடியும்? நாம் எல்லாரும் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் ஒரு கேள்வி நம்ம எல்லார் மனசிலும் உண்டு. காத்து இல்லை, மழை இல்லை, வானம் பளிச்சென்று இருக்கு. அப்படிப்பட்ட நாளிலும் திடீரென்று கடல் ஏறி வந்து வீட்டு வாசலைத் தொடுது. கள்ளக்கடல் என்கிறோம். கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பேர். அந்த அலை எங்கே இருந்து வருது? இந்தக் கேள்விக்கு விடை காண வழி போட்டுக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் வால்டர் மங்க். இன்றைக்கு அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அவர் 1917-ல் ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்தில் பிறந்தவர். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. வீட்டார் வங்கித் தொழில் செய்தவர்கள். பையனும் வங்கியில்தான் உட்காரணும் என்று பதினாலு வயசிலேயே அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே வங்கியில் வேலையும் பார்த்தார். ஆனால் பிடிக்கவில்லை. நாமெல்லாம் கடனுக்காக வங்கி வாசலில் வரிசையில் நிற்கிறோம், அவர் உள்ளே கிடைத்த நாற்காலியை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்! இயற்பியல் படித்து 1939-ல் பட்டம் வாங்கினார். அந்தக் கோடையிலேயே கலிபோர்னியா கடற்கரையில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். அப்போது அது சின்ன இடம். அதன் தலைவர் ஹெரால்ட் ஸ்வெர்ட்ரூப், "இந்தப் படிப்புக்குப் பத்து வருசத்துக்கு ஒரு வேலையும் வரும் என்று தோன்றவில்லையே" என்கிற மாதிரி சொன்னாராம். ஆனாலும் இவர் அங்கேயே சேர்ந்தார். கிட்டத்தட்ட எண்பது வருசம் அந்த இடத்தோடு இருந்த தொடர்பை அவர் விடவே இல்லை.

அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. போர்வீரர்களைச் சின்னப் படகுகளில் ஏற்றிக் கரையில் இறக்கும் பயிற்சியை மங்க் பார்த்தார். அலை ஐந்தாறு அடிக்கு மேல் வந்தால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பித் தண்ணீர் ஏறிவிடும். உடனே பயிற்சியை நிறுத்திவிட்டு, "இன்னொரு நாள் பார்ப்போம்" என்பார்கள். இவர் யோசித்தார்: பயிற்சியை நிறுத்தலாம், நிஜமாகப் போகிற அன்றைக்கு அலை பெரிசா இருந்தால் என்ன செய்வது? அடுத்து இறங்கப் போகிற வட ஆப்பிரிக்கக் கரையில் அதைவிடப் பெரிய அலைதான் அடிக்கடி வரும். மேலதிகாரிகள் முதலில் இதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயசுகூட நிறையவில்லை. இவர் விடாமல் ஸ்வெர்ட்ரூப்பையும் கூட்டிக்கொண்டார். காத்து எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் கடல்மேல் அடிக்கிறது என்று இந்த மூன்றையும் வைத்து, கரையில் எவ்வளவு அலை வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும் முறையை இரண்டு பேரும் உண்டாக்கினார்கள். அதைக் கற்றுக்கொண்ட அதிகாரிகள்தான் 1944 ஜூன் 6-ஆம் தேதி பிரான்சின் நார்மண்டிக் கரையில் பெரும்படை இறங்கியபோது அலையைக் கணித்துச் சொன்னார்கள். கணிப்பு தப்பியிருந்தால் எத்தனை ஆயிரம் உயிர் கடலிலேயே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

போர் முடிந்த பிறகும் அவர் அலையை விடவில்லை. 1963-ல் பசிபிக் கடலில் ஒரு பெரிய சோதனை செய்தார். தெற்கே நியூசிலாந்தில் இருந்து வடக்கே அலாஸ்கா வரைக்கும் வழியில் உள்ள தீவுகளில் கருவி வைத்தார்கள். தீவு இல்லாத இடத்தில் ஒரு கப்பலை நிறுத்தினார்கள். மங்க் தன் மனைவி ஜூடித்தோடும் பிள்ளைகளோடும் சமோவா தீவில் போய் இருந்து அளவெடுத்தார். ஜூடித் சின்ன வயசிலேயே இளம்பிள்ளை வாதம் வந்தவர். அப்படியும் கணவரோடு அந்தத் தீவு வரைக்கும் போனார்.

அந்தச் சோதனையில் தெரிந்தது இதுதான். தென்துருவம் பக்கம் புயலில் பிறந்த அலை, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அலாஸ்கா வரைக்கும் போய்ச் சேருது. வழியில் அதன் பலம் அவ்வளவாகக் குறைவதே இல்லை. நீளமான அலை வேகமாக ஓடும், குட்டை அலை மெதுவாக வரும். ஓட்டப் பந்தயத்தில் ஒரே கோட்டில் இருந்து எல்லாரும் கிளம்பினாலும், தூரம் கூடக் கூட முன்னால் ஓடுகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் இடைவெளி கூடும் அல்லவா? அதே மாதிரிதான். நீள அலைக்கும் குட்டை அலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து, அந்தப் புயல் எவ்வளவு தூரத்தில் அடித்தது என்று கரையில் இருந்தே சொல்லிவிடலாம்.

நம்ம கள்ளக்கடலும் இதே கதைதான். இந்தியப் பெருங்கடலின் தெற்கு ஓரத்தில் அடித்த காத்து அங்கே அலையை எழுப்புது. அது பல நாள் பயணம் செய்து கேரளக் கரைக்கும் நம்ம குமரிக் கரைக்கும் வருது. அதனால்தான் இங்கே வானம் அமைதியாக இருக்கு. ஆனால் பல நாள் பயணம் என்றால், பல நாள் முன்னாலேயே சொல்லிவிட முடியும் என்றும் அர்த்தம். இன்றைக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிலையம் கடல் நிலையைக் கணித்து எச்சரிக்கை கொடுக்கிறது. கள்ளனாக வந்த அலை இப்போது தேதி சொல்லிவிட்டு வருது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு.

முதலாவது, "அலை 3 மீட்டர்" என்று அறிவிப்பில் வந்தால் எல்லா அலையும் 3 மீட்டர் என்று நினைக்கக் கூடாது. இந்த அளவு மங்க் காலத்தில் இருந்து வந்தது. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அதன் சராசரியைச் சொல்கிறார்கள். நடுவில் ஒன்றிரண்டு அலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரமாகவும் வரலாம்.

இரண்டாவது, உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. கள்ளக்கடல் எச்சரிக்கையில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்றுதான் இருக்கும். "இதுக்குப் போயா" என்று தோணும். ஆனால் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் பதினைந்து நொடிக்கு மேல் இருந்தால், அது தூரத்தில் இருந்து வந்த நீள அலை. கரையில் அது உயர்ந்து வெகுதூரம் உள்ளே ஏறும். 2024 மே மாதம் நம்ம மாவட்டத்திலேயே கடற்கரைக்கு வந்த ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. அதுவும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள். பெற்றவர்கள் முகம் இன்னும் கண்ணில் நிற்குது.

ஆகவே நான் கூட்டமைப்பின் முன்னால் ஒரு கோரிக்கை வைக்கிறேன். எச்சரிக்கை செல்போனுக்கு வருது, ஆனால் போன் வீட்டுக்காரரோடு கடலுக்குப் போய்விடுது. கரையில் இருப்பவர்கள் நாம்தான். வலையும் எஞ்சினும் நம்ம குழுக் கடனில் வாங்கியது. மணலில் காயும் கருவாடு நம்ம முதல். அலைவாய்க்கரையில் விளையாடுவது நம்ம பிள்ளைகள். அதனால் ஒவ்வொரு குழுவும் ஒரு ஆளைப் பொறுப்பாக வைப்போம். அவர் தினமும் கடல் அறிவிப்பைப் பார்த்து எல்லாருக்கும் சொல்லட்டும். எச்சரிக்கை வந்த அன்று கோயில் மைக்கிலும் சொல்ல வைப்போம். வள்ளத்தையும் வலையையும் மேட்டுக்கு ஏற்றுவோம். வெளியூர்க்காரர்கள் பாறையில் ஏறி நின்றால் கூப்பிட்டுத் தடுப்போம். இதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

வால்டர் மங்க் 2019-ல் 101 வயசில் காலமானார். 1999-ல் ஜப்பானின் கியோட்டோ பரிசு உட்படப் பல பெருமைகள் அவருக்கு வந்தன. அவர் கணக்கு இன்றைக்கும் நம்ம கரைக்கு எச்சரிக்கையாக வந்துகொண்டிருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் நாம் அவருக்குச் செய்யும் மரியாதை.